டபிள்யூடபிள்யூஇ-யை சவுதிக்கு விற்றுவிட்டார்களா? உண்மையானால் தொடர்ந்து பார்ப்பீர்களா?

செவ்வாய்க்காலை | 11 ஜனவரி 2023, காலை 10.05

காலையில் போனை எடுத்ததும் இரண்டு செய்திகள். ஸ்டெஃபனி மெக்மேன், அமெரிக்க மல்யுத்த கம்பெனியான டபிள்யூடபிள்யூஇ-யின் தலைவர் பதவியையும் இணை சிஇஓ பதவியையும் விட்டு விலகிவிட்டார். அவருடைய அப்பா வின்ஸ் செயல் தலைவராக வந்து உட்கார்ந்துவிட்டார். இது கம்பெனியே அறிவித்தது.

இரண்டாவது, கம்பெனியை சவுதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியத்துக்கு விற்றாகிவிட்டது என்று ட்விட்டர் முழுக்க ஓடுகிறது. கம்பெனியும் சொல்லவில்லை, சவுதியும் சொல்லவில்லை. ஆனாலும் வயிற்றைக் கலக்குகிறது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உண்மையானால் நான் பார்ப்பதை நிறுத்திவிடுவேன். 2018 அக்டோபர் 2-ஆம் தேதி பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல்லில் சவுதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். சரியாக ஒரு மாதத்தில், நவம்பர் 2 அன்று, ரியாத்தில் கிரவுன் ஜுவல் என்ற மல்யுத்த நிகழ்ச்சியை நடத்தினார்கள். வீரர்கள் ஜான் சீனாவும் டேனியல் பிரையனும் போகவில்லை. மற்றபடி ஒன்றுமே நடக்காததுபோல நிகழ்ச்சி நடந்தது. விருந்தாளியாகப் போனபோதே வாய் திறக்க முடியவில்லை. வீடே அவர்களுடையது ஆனால் என்ன ஆகும்?

டிரம்ப்கார்டு | காலை 10.40

தம்பி, முதலில் நிதானம். இது பங்குச்சந்தையில் 1999 முதல் இருக்கும் கம்பெனி. கையெழுத்தாகியிருந்தால் பங்குதாரர்களுக்கு முறைப்படி சொல்லியாக வேண்டும். எங்கோ ஒருவர் போட்ட பதிவை ஆயிரம் பேர் பகிர்ந்தால் அது செய்தி ஆகிவிடாது.

விற்கப்போகிறார்கள் என்பது மட்டும் உண்மை. அதற்குத்தான் வின்ஸ் திரும்பி வந்ததே. வாக்குரிமையில் 80 சதவீதத்துக்கு மேல் அவர் கையில். அவரிடம் இருக்கும் வகைப் பங்கு ஒவ்வொன்றுக்கும் பத்து வாக்கு. அவர் வேண்டாம் என்றால் விற்பனை நடக்காது, வேண்டும் என்றால் யாரும் தடுக்க முடியாது. வாராந்திர டிவி நிகழ்ச்சிகளான ராவுக்கும் ஸ்மாக்டவுனுக்குமான ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் 2024-ல் முடிகின்றன. ஸ்மாக்டவுனுக்கு மட்டும் ஃபாக்ஸ் சேனல் ஐந்து வருடத்துக்குச் சுமார் 100 கோடி டாலர் கொடுத்தது. அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன்னால் விற்பது வியாபாரக் கணக்கு.

நிறுத்திவிடுவேன் என்கிறீர்கள். சவுதியோடு பத்து வருட ஒப்பந்தம் 2018-லேயே போட்டாகிவிட்டது. அந்தப் பணத்தில்தான் இத்தனை நாளும் பார்த்தோம். அப்போது நிறுத்தாத நீங்கள் இப்போது நிறுத்துவது ஏன்?

மேல்கயிறு | காலை 11.15

அண்ணா, உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வாடிக்கையாளர் வேறு, முதலாளி வேறு.

2018 ஏப்ரலில் சவுதியின் ஜெட்டாவில் கிரேட்டஸ்ட் ராயல் ரம்பிள் என்ற நிகழ்ச்சி நடந்தது. ஐம்பது பேர் ரிங்குக்கு வந்தார்கள். ஒரு பெண்கூட இல்லை. அப்போது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். அதே மாதம், வருடத்தின் மிகப்பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் வீராங்கனைகள் ஷார்லட்டும் அசுகாவும் மோதியதைப் பார்த்துக் கத்திவிட்டு, மூன்று வாரம் கழித்து இதைப் பார்க்கிறேன். அன்று பாதியில் அணைத்துவிட்டேன்.

வருடத்துக்கு இரண்டு நிகழ்ச்சி என்றால் அது அந்த இரண்டு இரவோடு போகும். முதலாளியே அவர்கள் என்றால் பெண்கள் என்ன உடுத்த வேண்டும், முக்கியப் போட்டி கிடைக்குமா என்பதெல்லாம் மற்ற ஐம்பது வாரத்துக்கும் அவர்கள் முடிவு. சாமி ஜெய்னை நினைத்துப் பாருங்கள். இப்போது கம்பெனியிலேயே மக்கள் அதிகம் கொண்டாடும் ஆள் அவர்தான். சிரியா பூர்வீகம். இத்தனை வருடத்தில் ஒரு சவுதி நிகழ்ச்சியில்கூட அவரை நாம் பார்க்கவில்லை. அவருக்கு அங்கே என்ன இடம் இருக்கும்?

டிரம்ப்கார்டு | காலை 11.50

2018-ல் இல்லை, சரி. 2019 அக்டோபர் 31-ல் நடால்யாவும் லேசி எவன்ஸும் ரியாத்தில் மோதினார்கள். அந்த நாட்டில் முதல் பெண்கள் போட்டி. முடிந்ததும் இருவரும் கட்டிப்பிடித்து அழுததையும், கூட்டத்தில் இருந்த பெண்கள் கைதட்டியதையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். போன நவம்பரில் பியாங்காவும் பேய்லியும் அங்கே சாம்பியன் பெல்ட்டுக்கு மோதினார்கள். போகாமலே இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

மேல்கயிறு | மதியம் 12.05

நடந்தது. நானும் அழுதேன். ஆனால் உடலை முழுக்க மூடிய உடையில்தான் அனுமதி கிடைத்தது. இன்று கொடுத்த அனுமதியை நாளை திரும்ப எடுக்கலாம் என்பதுதான் என் பயம். அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

கோவைரிங் | மதியம் 12.30

எல்லோரும் சவுதியையே பேசுகிறீர்கள். எனக்கு வின்ஸ்தான் பிரச்சினை.

பெண்களுக்கு ரகசியமாகக் கொடுத்த பணம் பற்றி இயக்குநர் குழுவே விசாரணை வைத்தது. ஒரு கோடி டாலருக்கு மேல் கணக்கில் காட்டப்படவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஜூலை 22-ல் ஓய்வு என்று அறிவித்துவிட்டுப் போனார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜனவரி 6-ல் இயக்குநர் குழுவுக்குள் திரும்ப வந்துவிட்டார். இன்று மகள் வெளியே, அப்பா நாற்காலியில்.

அந்த ஆறு மாதம் நிகழ்ச்சியின் கதை எழுதும் பொறுப்பு வின்ஸின் மருமகன் டிரிபிள் ஹெச் கையில் இருந்தது. ஒரு வாரம் ஆரம்பித்த கதை அடுத்த வாரமும் நினைவில் இருந்தது. வேலையை விட்டு அனுப்பப்பட்ட டகோடா கய், ஒப்பந்தம் முடிந்து போன ஜானி கார்கனோ எல்லாம் திரும்ப வந்தார்கள். பிரே வயட் அக்டோபரில் விளக்கோடு நடந்து வந்தபோது எனக்குப் புல்லரித்தது. பத்து வருடத்தில் முதல்முறையாக என் மனைவியும் உட்கார்ந்து பார்க்கிறாள், சாமியும் சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸும் வரும் பகுதிக்காக. யார் வாங்கினாலும் சரி, கதை எழுதும் பேனா வின்ஸிடம் திரும்பப் போனால் இதெல்லாம் போச்சு.

நைட்ரோவாசி | மதியம் 2.20

உங்களைவிட வயதானவன் நான். ஒரு கம்பெனி விற்கப்பட்டதைப் பார்த்தவன்.

தொண்ணூறுகளில் கார்ட்டூன் நெட்வொர்க் முடிந்ததும் இரவில் அதே சேனலில் டிஎன்டி வரும். அதில்தான் டபிள்யூடபிள்யூஇ-க்குப் போட்டியாக இருந்த டபிள்யூசிடபிள்யூ பார்த்தேன். அதில் ஸ்டிங் என்ற வீரர்தான் என் ஆள். 2001-ல் அதன் உரிமையாளரான டைம் வார்னர் ஏஓஎல்-லோடு சேர்ந்தது. புதிதாக வந்த அதிகாரி ஜேமி கெல்னர், எங்கள் சேனல்களில் மல்யுத்தம் வேண்டாம் என்று முடிவு செய்தார். வாங்கத் தயாராக இருந்த எரிக் பிஷோஃப் குழு, ஒளிபரப்பு நேரம் இல்லாத கம்பெனியை வைத்து என்ன செய்வது என்று விலகியது. வின்ஸ் மிகக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டார். மார்ச் 26-ல் அதன் வாராந்திர நிகழ்ச்சியான நைட்ரோ கடைசியாக வந்தது. ஸ்டிங்கும் ரிக் ஃபிளேரும் மோதிவிட்டுக் கட்டிப்பிடித்தார்கள். அவ்வளவுதான்.

மல்யுத்தத்தை வெறுத்த ஒருவர், அதைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகப் பார்த்து அடித்துவிட்டுப் போனார். அதனால் சவுதியைவிட எனக்கு இந்தப் பெரிய மீடியா கம்பெனிகள்தான் பயம். காம்காஸ்ட், டிஸ்னி, நெட்ஃபிளிக்ஸ் என்று பெயர் அடிபடுகிறது. சவுதிக்காரர்களுக்காவது இது பிடித்திருக்கிறது.

செவ்வாய்க்காலை | மதியம் 3.00

ஐயா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் பிடித்திருக்கிறது என்பது போதுமா? அதே நிதியம் 2021-ல் நியூகாசில் கால்பந்து அணியை வாங்கியது. அடுத்த வருடம் கோல்ஃபில் லிவ் என்று தனித் தொடரே ஆரம்பித்தது. கால்பந்தையும் கோல்ஃபையும் பிடிக்காமலா வாங்கினார்கள்? விளையாட்டைப் பார்த்து மக்கள் மற்றதை மறக்க வேண்டும் என்பதற்காகவும்தான். நான் கைதட்டும்போது அந்தக் கைதட்டல் யாருக்குப் போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

டிரம்ப்கார்டு அண்ணா கேட்டது நியாயம். 2018-லேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, அது என் தவறு. அதற்காக இப்போதும் பேசாமல் இருக்க முடியாது. நைட்ரோ போனபோது உங்களுக்கு வேறு இடம் இல்லை. எனக்கு 2019-லிருந்து ஏஇடபிள்யூ என்ற வேறு மல்யுத்த கம்பெனி இருக்கிறது.

டிரம்ப்கார்டு | இரவு 8.10

இப்போதைய நிலவரம்: விற்பனை எதுவும் முடியவில்லை என்று பல நிருபர்கள் விசாரித்து எழுதிவிட்டார்கள். காலையில் சொன்னதுதான்.

ஆனால் ஒன்று. மேல்கயிறு கேட்டதற்கு நாள் முழுக்க யோசித்தேன். அனுமதியைத் திரும்ப எடுக்கலாம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கோவைரிங் | 4 ஏப்ரல் 2023, மதியம் 1.15

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். விற்றாகிவிட்டது, சவுதிக்கு இல்லை. யுஎஃப்சி என்ற சண்டைப் போட்டி கம்பெனியை வைத்திருக்கும் எண்டெவர் வாங்குகிறது. டபிள்யூடபிள்யூஇ-க்கு 930 கோடி டாலர் மதிப்பு. யுஎஃப்சி-யையும் இதையும் சேர்த்துப் புதிய கம்பெனி, அதில் எண்டெவருக்கு 51 சதவீதம், இப்போதைய பங்குதாரர்களுக்கு 49. வின்ஸ் செயல் தலைவராகத் தொடர்கிறார். சின்ன விஷயங்களில் தலையிட மாட்டேன் என்று டிவியில் சொன்னார்.

ஆனால் ரெஸில்மேனியாவுக்கு மறுநாள் ராவைப் பார்த்தீர்களா? வருடத்திலேயே கூட்டம் அதிகம் கத்தும் இரவு அது. சப்பென்று இருந்தது. கடைசி நேரத்தில் வின்ஸ் மாற்றி எழுதினார் என்று செய்தி வருகிறது. நான் பயந்தது இதைத்தான்.

நைட்ரோவாசி | மதியம் 2.00

எண்டெவர் என்றால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. யுஎஃப்சி-யை வாங்கி ஏழு வருடமாக நடத்துகிறார்கள், மூடவில்லை. ஆனால் இரண்டு கம்பெனியைச் சேர்த்தால் செலவைக் குறைப்பார்கள், ஆட்களை அனுப்புவார்கள். நடுவரிசை வீரர்களை நினைத்தால் கவலை.

செவ்வாய்க்காலை | மாலை 5.30

நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஜனவரியில் அவ்வளவு பேசியவன் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். சவுதியில் நடக்கும் நிகழ்ச்சிகளை மட்டும் இனி பார்ப்பதில்லை. முதலாளி மாறினாலும் அந்தப் பத்து வருட ஒப்பந்தம் அப்படியேதான் இருக்கிறது.

மேல்கயிறு | இரவு 9.45

ரெஸில்மேனியாவின் முதல் இரவில் சாமியும் கெவின் ஓவன்ஸும் ஊசோஸ் சகோதரர்களைத் தோற்கடித்து டேக் டீம் (இருவர் அணி) பெல்ட்டுகளை வாங்கியபோது விடுதித் தோழிகள் மூன்று பேரும் போனில் ஒரே நேரத்தில் கத்தினோம். அந்த இரவின் கடைசிப் போட்டி டேக் டீம் போட்டி! எத்தனை வருடக் கதை அது!

மே 27-ல் ஜெட்டாவில் அடுத்த நிகழ்ச்சி. இப்போது சாமி சாம்பியன். போட்டிப் பட்டியல் வந்ததும் முதலில் அவர் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். செவ்வாய்க்காலை, நீங்கள் பார்க்காவிட்டாலும் இங்கே எழுதுகிறேன்.