சாணை பிடித்துப் பழக எந்தக் கத்தி?

சாணை பிடிக்கப் பழகுகிறவர்களிடம், "வீட்டில் கிடக்கிற மட்டமான கத்தியில் ஆரம்பி, கெட்டாலும் போகட்டும்" என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசையாகக் கல் வாங்கியவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் அந்த மட்டமான கத்திதான் காரணம்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இதுதான் நடந்தது. பேர் தெரியாத ஸ்டெயின்லெஸ் கத்தியை 1000 கிரிட் (கல்லின் மணல் எவ்வளவு பொடி என்ற அளவு) தண்ணீர்க் கல்லில் வெகுநேரம் தேய்த்துவிட்டு, "அண்ணா, கல்லுதான் சரியில்லையோ?" என்று கொண்டுவந்தான். கல்லில் குறை இல்லை, அவன் பிடித்த கோணமும் சரி. விளிம்பை விரலால் தடவினால் பிசிறு, அதாவது தேய்க்கும்போது விளிம்பில் எழுகிற மெல்லிய உலோக ஓரம், தட்டியது. இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் மடிகிறது, அந்தப் பக்கம் தேய்த்தால் இந்தப் பக்கம். மெத்தென்ற ஸ்டெயின்லெஸில் பிசிறு லேசில் அறுந்து விழாது. கை பழகியவர்கள் அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து அதை எடுத்துவிடுவார்கள். புதிதாக வருபவருக்கோ தப்பு கையிலா கத்தியிலா என்றே தெரியாது.

அதே கல்லில் என்னுடைய ஓபினெல் என்ற பிரெஞ்சு கம்பெனியின் கார்பன் ஸ்டீல் கத்தியைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பிசிறு சீராக எழுந்தது, மெதுவாக நாலு இழுப்பு மாற்றி மாற்றி இழுத்ததும் போய்விட்டது. செய்தித்தாள் சர்ரென்று கிழிந்தது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. குரோமியம் அதிகம் சேராத கார்பன் ஸ்டீல், கை செய்வதை உடனே காட்டிக்கொடுக்கும். கோணம் தவறினால் சத்தமே மாறும். ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும், துடைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியும் இதற்கு நல்லது. ஆனால் காய்ச்சித் தண்ணீரில் முக்குகிற பக்குவம் ஆளுக்கு ஆள் மாறும். நல்ல கொல்லர் கையில் வாங்கினால் வருஷக்கணக்கில் பழகலாம்.

அடுத்த கத்தியாக நான் விக்டோரினாக்ஸ் சமையல் கத்தியைச் சொல்வேன். ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 55, 56 வரை பதம் ஏற்றியது. பிசிறு கொஞ்சம் அடம் பிடிக்கும், ஆனாலும் போகும். அழுத்தத்தைக் குறைக்கக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான கத்தி நான் பார்க்கவில்லை. மார்க்கர் பேனாவால் விளிம்பில் மை பூசிவிட்டுத் தேய்த்தால், கல் எங்கே படுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். ரம்பப் பல் உள்ளதும், உள்பக்கம் வளைந்ததும், விளிம்புக்குப் பின்னால் தடித்ததும் இப்போது வேண்டாம்.

ஜப்பானிய கத்தி மேல் ஆசை என்றால் ஷிரோகாமி என்ற கார்பன் ஸ்டீலில் செய்ததை எடுங்கள். பெரும்பாலும் இரும்பும் கார்பனும் மட்டும்தான், அதனால் கல்லில் சுகமாகத் தேயும். விஜி-10 என்ற ஜப்பானிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேறு ரகம். 15 சதவீத அளவுக்குக் குரோமியம், கடினம் அதே ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டி. அதில் பிசிறு ஒட்டிக்கொண்டு படுத்தும், அவசரப்பட்டால் விளிம்பு பொடிப்பொடியாகச் சிதறும். கை நிதானப்பட்ட பிறகு வாங்கலாம்.

நண்பர் ஒருவர் எஸ்30வி என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த மடக்குக் கத்தியோடு வந்தார். அந்த ஸ்டீலில் 4 சதவீதம் வனேடியம். அது கார்பனோடு சேர்ந்து உண்டாகும் கார்பைடு துகள், சாதாரணக் கல்லில் இருக்கிற அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. அதனால் எவ்வளவு தேய்த்தும் விளிம்பு மெதுவாகத்தான் பிடித்தது. வைரத்தூள் பதித்த டயமண்ட் பிளேட்டில் வைத்ததும் வேலை நடந்தது. பழகுகிற நாட்களில் இந்தக் கத்தியும் வேண்டாம், அதற்காக ஒரு டயமண்ட் பிளேட் செலவும் வேண்டாம்.