புதுப்பிப்பு: ஆமைக்கு அருகம்புல்லே போட்டாயிற்று

அமெரிக்காவில், அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் உள்ள வீட்டுப் பின்புறத்தில் எங்கள் சல்காட்டா ஆமைக்கு (ஆப்பிரிக்கப் பெரிய நில ஆமை)த் தரையில் சரளைக்கல் போடலாமா, மரச்சீவலா, புல்லா என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். புல்தான் போட்டேன். சரளையை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் என்று எச்சரித்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

இங்கே பெர்முடா புல் என்பது நம் அருகம்புல்லேதான்! அரிசோனா வெயிலைத் தாங்குகிறது, ஆமைக்குத் தீனியும் ஆகிறது. வேர் பிடிக்கும்வரை ஆறு வாரம் வேலி போட்டுத் தடுத்தேன். பூச்சிமருந்து அறவே இல்லை.

அப்புறம், ஒரு மூலையை வெறும் மண்ணாகவே விட்டேன். சல்காட்டாவுக்கு வளை தோண்டியே ஆகவேண்டும். நேற்று அங்கே முன்காலால் மண்ணை வாரித் தள்ளியதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். குளிர்காலத்தில் புல் பழுத்துவிடும், அதற்கு உலர்புல் வாங்கி வைத்திருக்கிறேன்.