மறு: ஸ்வாக்கர் – 'திமிர்' வேண்டாம், 'ஆட்டச்செருக்கு' எனலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கால்பந்துச் சொற்பட்டியலின் புதிய வடிவத்தைப் பார்த்தேன். ஸ்வாக்கர் (swagger), அரகன்ஸ் (arrogance) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் நேரே 'திமிர்' என்று ஒரே சொல் இருக்கிறது. மூன்று நாளாக இங்கே சுவீடன் கால்பந்து வீரர் ஸ்லாட்டன் இப்ராகிமோவிச் மேதையா, திமிர் பிடித்தவரா என்று நடக்கும் சண்டைக்கு இதுவே பாதிக் காரணம் என்று எனக்குப் படுகிறது. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பொருளைப் பற்றிப் பேசினால் யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்க முடியாது.

2012 நவம்பர் 14, சோல்னாவில் சுவீடனும் இங்கிலாந்தும் ஆடிய நட்புறவுப் போட்டி. இங்கே நள்ளிரவு தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது, அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் விழித்திருந்தோம். இப்ராகிமோவிச் ஏற்கெனவே மூன்று கோல் போட்டுவிட்டார், சுவீடன் 3-2 என்று முன்னிலை, ஓடுவது கூடுதல் நேரம். அந்த நிலையில் பந்து கிடைத்தால் யாரும் மூலைக்கொடிப் பக்கம் கொண்டுபோய் நேரத்தைக் கடத்துவார்கள். இங்கிலாந்து கோல்காப்பாளர் ஜோ ஹார்ட் தன் கட்டத்தை விட்டு வெளியே ஓடி வந்து தலையால் முட்டினார், பந்து உயரே எழும்பியது. இப்ராகிமோவிச்சின் முதுகு கோல்கம்பத்தைப் பார்த்து இருந்தது. பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இரண்டடி நகர்ந்து, அப்படியே மல்லாக்கப் பாய்ந்து, தலைக்கு மேலே வலது காலால் உதைத்தார். கோல் அங்கிருந்து ஏறக்குறைய 30 கெஜம். கோட்டருகே ஒரு தடுப்பாட்டக்காரர் சறுக்கிப் பார்த்தும் எட்டவில்லை. (பட்டியலில் 'மிதிவண்டி உதை' என்று இருப்பதை எடுத்துவிட்டு 'தலைமேல் உதை' என்று வைக்கலாம், அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.)

நான் மேசையைத் தட்டி, "என்ன திமிர் பாரு இவனுக்கு!" என்று கத்தினேன். உடனிருந்த நண்பருக்கு அவரை எப்போதுமே பிடிக்காது. 2013 நவம்பரில் போர்ச்சுகலிடம் தோற்று சுவீடன் உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. நான் இல்லாத உலகக் கோப்பையில் பார்க்க ஒன்றுமில்லை என்ற பொருளில் இப்ராகிமோவிச் பேசினார். செய்தியைப் படித்துவிட்டு அந்த நண்பர் சொன்னதும் அதே வாக்கியம்தான்: "என்ன திமிர் பாரு இவனுக்கு." ஒரு எழுத்து மாறவில்லை, ஆனால் ஒன்று கொண்டாட்டம், மற்றது கண்டனம். பேச்சில் குரலை வைத்துப் புரிந்துகொள்வோம். அச்சில் குரல் இல்லையே, அங்கே சொல்தான் வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.

ஒரே ஆளிடம் இரண்டும் இருக்க முடியும் என்பதற்கு மான்செஸ்டர் யுனைடெட் அணியின் பிரெஞ்சு ஆட்டக்காரர் எரிக் கன்டோனாவைப் பாருங்கள். 1996 டிசம்பர் 21, அவர்களுடைய ஓல்டு டிராஃபோர்டு அரங்கம், எதிரணி சண்டர்லாந்து. கோல்காப்பாளரின் தலைக்கு மேலே பந்தைப் பூப்போல எடுத்துப் போட்டுவிட்டு, சட்டைக் கழுத்துப்பட்டி தூக்கியபடி இருக்க, அதே இடத்தில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி அரங்கத்தைப் பார்த்தார். ஓடவில்லை, கத்தவில்லை. அதை வருணிக்கத்தான் நமக்குச் சொல் வேண்டும். அதே கன்டோனா 1995 ஜனவரியில், வெளியேற்றப்பட்டுப் போகும் வழியில் தன்னை வசைபாடிய பார்வையாளர்மேல் பாய்ந்து உதைத்தார், பல மாதம் தடை வாங்கினார். இரண்டையும் 'திமிர்' என்றே எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்?

இனி, இழையில் வந்த சொற்கள். தம்பி ஒருவர் முன்வைத்த 'கெத்து' எனக்கு மிகவும் பிடித்தது. உயிருள்ள சொல், அரங்கில் உட்கார்ந்து பார்க்கும்போது வாயில் தானாக வருவது. ஆனால் அது ரசிகரின் சொல். கெத்து என்று சொன்ன கணமே நாம் அந்த ஆட்டக்காரரின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். 'தெனாவெட்டு' நேர் எதிர், சொன்ன கணமே குற்றம் சாட்டியாகிவிடுகிறது. 'மிடுக்கு' நல்ல சொல்தான், ஆனால் அது நடையோடும் உடையோடும் நின்றுவிடும், காவல்துறை அணிவகுப்புக்கும் மிடுக்கு உண்டு. 'தலைக்கனம்' ஆட்டத்தைப் பற்றிய சொல்லே இல்லை, வெற்றிக்குப் பிறகு ஏறுவது அது. மூத்த ஐயா ஒருவர் சொன்ன 'பெருமிதம்' மிக உயர்ந்தது, கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை என்று நான்கு அடிப்படைகளைத் தொல்காப்பியமே அதற்குச் சொல்கிறது. இன்று அது உள்ளுக்குள் நிறைந்திருக்கும் ஓர் உணர்வாகத்தான் வழங்குகிறது. ஸ்வாக்கர் வெளியே தெரிவது, எதிரணித் தடுப்பாட்டக்காரரின் கண்ணில் உறுத்துவது.

என் முன்மொழிவு 'செருக்கு'. வள்ளுவர் 431-ஆம் குறளில் செருக்கும் சினமும் சிறுமையும் இல்லாதவரின் வளர்ச்சிதான் பெருமிதம் உடையது என்கிறார். அங்கே செருக்கு குற்றம். பாரதி புதுமைப் பெண்ணுக்கு 'திமிர்ந்த ஞானச் செருக்கு' கொடுக்கிறார். அங்கே அது அணிகலன். சில அன்பர்களுக்கு இந்த இரட்டைத்தன்மை குறையாகத் தெரிகிறது. எனக்கு இதுதான் வேண்டியிருக்கிறது. ஸ்வாக்கர் என்பதிலும் புகழ்ச்சியும் முணுமுணுப்பும் சேர்ந்தேதான் இருக்கின்றன. 'ஆட்டம்' என்பதை முன்னால் சேர்த்தால் அந்தச் செருக்கு எதிலிருந்து வருகிறது என்பதும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஞானத்தால் வந்தது ஞானச்செருக்கு, செல்வத்தால் வந்தது செல்வச்செருக்கு, ஆட்டத்தால் வந்தது ஆட்டச்செருக்கு. இசையில் இதற்கு நமக்கு வெகுநாள் பழக்கம் இருக்கிறது. பெரிய நாதஸ்வர வித்துவான்களைப் பற்றிப் பேசும்போது 'வித்யாகர்வம்' என்கிறோம், அதை யாரும் வசையாக எடுத்துக்கொள்வதில்லை. வித்தை இருக்கிறவருக்கு அது பொருந்தும், இல்லாதவருக்குப் பொருந்தாது, அவ்வளவுதான் கணக்கு. கால்பந்துக்கும் அந்தக் கணக்கு சரியாக வரும்.

அந்தக் கணக்கை இப்ராகிமோவிச்சிடம் போட்டுப் பாருங்கள். 2018 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தபோது அந்த ஊர் நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். ஊரை விளித்து ஒரே வரி: நன்றி சொன்னவருக்கு நாம் திருப்பிச் சொல்லும் பதில். யாரும் அதுவரை நன்றி சொல்லவே இல்லை! மார்ச் 31 அன்று அவர் சேர்ந்த அந்த ஊர் கேலக்ஸி அணி பின்தங்கியிருந்தபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். 77-ஆம் நிமிடத்தில் ஏறக்குறைய 40 கெஜத்திலிருந்து பந்து தரையில் குதித்து எழும்போதே அடித்து 3-3 ஆக்கினார், கூடுதல் நேரத்தில் தலையால் முட்டி வெற்றிக் கோலையும் போட்டார். விளம்பரத்தில் வாங்கிய கடனை ஒரே மாலையில் அடைத்துவிட்டார். இது ஆட்டச்செருக்கு, சந்தேகமே வேண்டாம்.

ஆனால் 2013 டிசம்பரில் நடந்ததை அவருடைய ரசிகனான நானே மறைக்க விரும்பவில்லை. சுவீடன் ஆண்கள் அணியில் அதிகப் போட்டிகள் ஆடிய சாதனைக்காக ஆண்டர்ஸ் ஸ்வென்சனுக்குக் கார் பரிசு கொடுத்தார்கள். அவரைவிட அதிகம் ஆடிய பெண்கள் அணி வீராங்கனைக்கு ஏன் இல்லை என்று கேள்வி எழுந்தது. வேண்டுமானால் என் கையெழுத்துப் போட்ட ஒரு மிதிவண்டியை அவர்களுக்குக் கொடுங்கள் என்கிற மாதிரிப் பதில் சொன்னார் இப்ராகிமோவிச். அது திமிர். அவர் போட்ட எந்த கோலும் அதைத் தாங்கிப் பிடிக்காது, ஏனென்றால் அது ஆட்டத்திலிருந்து வரவில்லை, இன்னொருவரின் உழைப்பைக் கீழே தள்ளுவதிலிருந்து வந்தது. சொற்பட்டியலில் நான் கேட்கும் கோடு இங்கேதான் விழுகிறது.

அடக்கமில்லாத எதையும் பாராட்டுச் சொல்லால் குறிப்பது நம் மரபுக்கு ஒத்துவராது என்று ஐயா எழுதியிருந்தார். மதிப்போடு மறுக்கிறேன். சுவீடன்காரர்களுக்கும் அதே மரபு உண்டு, நீ மற்றவரைவிட உசத்தி என்று நினைக்காதே என்பதை அங்கே 'யாந்தே சட்டம்' என்றே சொல்வார்கள். மால்மோவின் ரோசன்கார்டில், போஸ்னியத் தந்தைக்கும் குரோவாசியத் தாய்க்கும் வளர்ந்த பையனுக்கு அந்த அடக்கத்தை எதிர்பார்த்தவர்கள் முதலில் இடம் கொடுத்தார்களா என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். அடக்கமாகவே இருந்திருந்தால் நாட்டுக்காக 62 கோல் அடித்திருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை. 40 வயதில் இத்தாலியின் மிலான் அணிக்காக 2022-இல் பட்டம் வென்ற பருவத்தில், கடைசி ஆறு மாதம் இடது முழங்காலின் முக்கியத் தசைநார் இல்லாமலே ஆடியதாகப் பின்னர் சொன்னார். ஐயா சொன்ன தறுகண் இதில் இல்லையா?

இன்னொன்று. பெயரையே வினையாக்கலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் செய்தார்கள், 2012-இல் சுவீடனின் மொழி மன்றம் அவர் பெயரிலிருந்து பிறந்த 'ஸ்லாட்டனேரா' என்ற வினையைப் புதுச்சொற்கள் பட்டியலில் சேர்த்தது. வலுவோடு ஆதிக்கம் செலுத்து என்று பொருள். ஆனால் ஊர் மனம் சட்டென்று மாறும். 2019 அக்டோபரில் மால்மோவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அடுத்த மாதம் மால்மோ அணியோடு போட்டியிடும் ஸ்டாக்ஹோமின் ஹம்மார்பி அணியில் பங்கு வாங்கினார் என்றதும் அந்தச் சிலையைச் சிதைக்கத் தொடங்கி, ஜனவரியில் கணுக்காலோடு அறுத்துச் சாய்த்துவிட்டார்கள். நம் சொல் ஓர் ஆளின் பெயரில் நிற்க வேண்டாம், கன்டோனாவுக்கும் நாளை வரப்போகும் பெண்ணுக்கும் பொருந்த வேண்டும்.

ஆகவே பட்டியலில் இப்படி மாற்றக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்வாக்கர்: ஆட்டச்செருக்கு. அரகன்ஸ்: திமிர், தலைக்கனம். பேச்சு வழக்கு என்ற குறிப்போடு கெத்து என்பதும் முதல் சொல்லின் பக்கத்தில் இருக்கட்டும், தம்பியின் சொல்லை இழக்க எனக்கு மனமில்லை. ஆட்டச்செருக்கு என்பதை ஒரே சொல்லாக, ஒற்று மிகுந்தே எழுதுங்கள். பிரித்தால் தேடுபொறியில் 'ஆட்டம்' தனியாகவும் 'செருக்கு' தனியாகவும் போய்விடும்.

அன்புடன்.