அரசியல்வாதிகள் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகளில் நடுநிலை காப்பது எப்படி?

வில்லியனூர் வாசகர்:
வணக்கம். புதுச்சேரிச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றிய தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையில் ஒரு தரப்பினர் 'ஏழைகளின் காவலர்' போன்ற அடைமொழிகளைச் சேர்க்கின்றனர். மறுதரப்பினர் அவற்றை அழித்துவிட்டு, அவர்மீது நிலுவையிலுள்ள வழக்கை முதல் பத்தியிலேயே எழுதுகின்றனர். புகழுக்கு ஒரு பத்தி, குற்றச்சாட்டுக்கு ஒரு பத்தி என்று சமமாகப் பிரித்துவிட்டால் நடுநிலை ஆகிவிடுமா?

மஞ்சக்குப்பத்தார்:
ஆகாது, ஐயா. நம்பகமான ஆதாரங்கள் ஒரு செய்திக்கு எவ்வளவு முக்கியத்துவம் தந்துள்ளனவோ, கட்டுரையிலும் அந்த அளவுக்கே இடம் தர வேண்டும் என்பதுதான் நடுநிலை நோக்குக் கொள்கை. எதுவார் குபேரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த அவர், 1954இல் புதுச்சேரியை இந்தியாவுடன் இணைக்க வேண்டும் என்ற தரப்பின் பக்கம் வந்து, 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானார். இவற்றைக் கால வரிசைப்படி ஆதாரத்துடன் எழுதினாலே போதும். அவரைத் தியாகி என்றோ சந்தர்ப்பவாதி என்றோ தீர்ப்பளிக்கும் உரிமை தொகுப்பவருக்கு இல்லை. அப்படிக் கருதிய வரலாற்றாசிரியர் இருந்தால், அவர் பெயரைச் சொல்லியே அக்கருத்தை எழுத வேண்டும்.

முத்தியால்பேட்டை:
இதையே அண்மைக் கால நிகழ்வுகளுக்கும் பொருத்தலாம். 2021 பிப்ரவரியில் உறுப்பினர்கள் சிலர் பதவி விலகியதால் பெரும்பான்மையை இழந்த புதுச்சேரியின் நாராயணசாமி தலைமையிலான காங்கிரஸ் அரசு, நம்பிக்கைத் தீர்மானம் தோற்றதால் பதவி விலகியது. இது நடந்த செய்தி. அந்த விலகல்களுக்குப் பின்னால் பா.ஜ.க. இருந்தது என்பது காங்கிரசின் குற்றச்சாட்டு. ஆகவே, சொன்னது யார் என்பதையும் மறுதரப்பின் விளக்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். முரசொலி, தீக்கதிர் போன்ற கட்சி ஏடுகள் அந்தந்தக் கட்சியின் நிலைப்பாட்டுக்குச் சான்றாகலாமே தவிர, எதிர்க்கட்சித் தலைவரின் நடத்தைக்குச் சான்றாக மாட்டா.

மஞ்சக்குப்பத்தார்:
வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாழும் நபர்களைப் பற்றிய விதி மிகக் கடுமையானது. வேட்புமனுவுடன் தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரத்தையோ நீதிமன்ற ஆவணத்தையோ நேரடியாக எடுத்துக் குற்றச்சாட்டு எழுதக் கூடாது. கட்சி சாராத நாளிதழ்கள் பல அவ்வழக்கைப் பற்றி எழுதியிருந்தால் மட்டும், அது எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதையும் அவருடைய மறுப்பையும் சேர்த்து, உரிய பிரிவில் குறிப்பிடலாம். ஆதாரமில்லாத பழிச்சொல்லை விவாதத்துக்குக் காத்திராமல் உடனே நீக்கலாம். நீக்கிய காரணத்தைத் தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது காரணம் எழுதும் பெட்டியில்) எழுதுங்கள். மற்றச் சிக்கல்களைக் கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில் முன்வையுங்கள். அதன் பிறகும் ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் மாறி மாறி மீளமைத்தல் தொடர்ந்தால், பக்கத்தில் எல்லாரும் மாற்றம் செய்ய முடியாதபடி தற்காலிகமாகக் காக்கும்படி நிருவாகிகளிடம் கேளுங்கள்.