வல்லாரைச் சம்பல்: கழுவினால் போதுமா, இலைக்குள்ளேயே கிருமி போகுமா?

அடுப்படி (நல்லூர்):
உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் பச்சைக் கீரையில் செய்த வல்லாரைச் சம்பல் சாப்பிட்ட பலருக்கு இரண்டாம் நாள் வயிற்றோட்டம். சமைத்த அக்கா மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் நன்றாக அலசிய பிறகுதான் கீரையை அரிந்தவ. பொய் சொல்லுகிற ஆள் இல்லை. கழுவிய கீரையில் கிருமி எப்படி மிஞ்சும்? இலையே கிருமிக்கு உள்ளே இடம் கொடுக்கும் என்று ஒருவர் சொல்ல, அது வீண் கதை என்கிறார் இன்னொருவர். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

செம்மண் (உரும்பிராய்):
தங்கச்சி, பயிர் மேல் பழி போடாதேங்கோ. வயிற்றோட்டக் கிருமி மனிதர், மாடு ஆகியோரின் குடலிலிருந்து வருவது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் இறைப்பதும் கிணற்றுத் தண்ணீர். நிலத்துக்குக் கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக் கல். வீட்டுக்கு வீடு மலக்குழி, சில அடி தள்ளிக் கிணறு. நல்ல மழை ஒன்று பெய்தால் மேலே கிடப்பதெல்லாம் கீழே இறங்கிவிடும். நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்) நம் மாவட்டத்தை இத்தனை காலம் விடாமல் பிடித்திருப்பது இலையாலா?

சந்தையில் போய் நின்று பாருங்கோ. வாழைநாரில் கட்டிய வல்லாரைப் பிடி வாடாமலிருக்கப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். காலையில் நிரப்பிய வாளி மதியத்தில் மண் நிறமாகியிருக்கும். விற்கிறவர் காசு எண்ணிய கையாலேயே அதை அள்ளித் தெளிப்பார். இதை விட்டுவிட்டு இலையின் குணம் பற்றிக் கதைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இலைவாய் (திருநெல்வேலி):
அண்ணை, வாளி பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதே தண்ணீர் கத்தரிக்காயில் பட்டால் நடப்பது வேறு, வல்லாரையில் பட்டால் நடப்பது வேறு. செடி இங்கேதான் கதைக்குள் வருகிறது.

இலையின் மேல் மெழுகுப் படை இருப்பதால் தண்ணீர் பரவாமல் துளியாக உருண்டு நிற்கும். பற்றீரியா 1 முதல் 2 மைக்ரோமீட்டர் நீளம்தான். நரம்போரப் பள்ளம், மயிரின் அடி, கீறல் ஆகியவற்றில் அமர்ந்து, பசை போன்ற படலம் கட்டிக்கொள்ளும். நாம் அலசுகிற தண்ணீர் அந்த இடுக்குகளில் சரியாக இறங்குவதில்லை. இலை மூச்சுவிடும் நுண்துளையான இலைவாய் அந்தக் கிருமியைவிடப் பல மடங்கு பெரியது. உள்ளே ஈரமும் நிழலும் உணவும் இருக்கின்றன.

2009இல் வெளிவந்த இஸ்ரேல் ஆய்வு ஒன்றில் சலாது இலையை வெளிச்சத்தில் வைத்தபோது சல்மொனெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமி திறந்த இலைவாய்களைச் சுற்றிக் கூடி உள்ளே போனது. இருட்டில், இலைவாயைச் செயற்கையாகத் திறந்து வைத்தும், அப்படிப் போகவில்லை. ஒளித்தொகுப்பில், அதாவது இலை வெளிச்சத்தில் உணவு செய்யும்போது, உருவாகும் பொருட்களை உணர்ந்து அவற்றை நோக்கி நீந்துகிறது என்பதே ஆய்வாளர் முடிவு.

செடியும் சும்மா இருப்பதில்லை. பற்றீரியாவின் நீந்தும் வாலில் உள்ள புரதத்தை அது அடையாளம் கண்டு, துளையின் இருபுறமும் உள்ள காவற்கலங்களைச் சுருக்கி வாயை மூடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் இதைக் காட்டினார்கள். தாவர நோய்க்கிருமி ஒன்று கொரோனற்றின் என்ற நஞ்சைச் சுரந்து, மூடிய வாயைச் சில மணி நேரத்தில் திரும்பத் திறக்க வைப்பதையும் அவர்களே கண்டார்கள்.

இன்னொன்று, தண்டை ஒடித்த இடம். அங்கே சாறு கசியும். கிருமி வெட்டு விளிம்பில் அதிகம் ஒட்டும். அந்த வெட்டு வாயைத்தான் நாம் வாளியில் தோய்த்து வைக்கிறோம். குளோரின் தண்ணீர்கூட இலைக் கீரையில் கிருமியைப் பத்தில் ஒன்றாக, மிஞ்சினால் நூறில் ஒன்றாகத்தான் குறைக்கிறது. உப்பும் மஞ்சளும் அந்த அளவுக்கும் உதவாது. அக்கா கழுவியது உண்மை, கிருமி மிஞ்சியதும் உண்மை.

நாவற்குழியான்:
ஆய்வுகூடத்தில் லட்சம், கோடி என்று கிருமியைக் கரைத்து அதில் இலையைத் தோய்க்கிறார்கள். தோட்டத்தில் எவன் அப்படி ஊற்றுகிறான்? வெயிலும் வரட்சியும் இலை மேல் விழுந்த குடற்கிருமியில் பெரும்பகுதியைச் சில நாட்களில் முடித்துவிடும். வேர் வழியாக ஏறுவதும் வயலில் மிக அரிது. 2006இல் அமெரிக்காவில் ஸ்பினாச் கீரையால் சுமார் 200 பேர் நோயுற்றார்கள், 3 பேர் இறந்தார்கள். தேடிப் போனபோது, நோயாளிகளிடம் இருந்த அதே ஈ.கோலி என்ற குடற்கிருமி வயலுக்கு அருகே மாட்டுச் சாணத்திலும் காட்டுப் பன்றியிலும் கிடைத்தது. குற்றவாளி சாணம். செம்மண் அண்ணை சொல்வதுதான் சரி.

இலைவாய்:
அந்த ஸ்பினாச் தொழிற்சாலையில் கழுவி, உறையில் அடைத்து விற்கப்பட்டது. சாணத்திலிருந்து வந்தது சரி, கழுவியும் ஏன் போகவில்லை? அதற்கான பதில் இலையில்தான் இருக்கிறது. வெயில் கொல்வது மேற்பரப்பில் கிடப்பதை. அந்த வகை ஈ.கோலி நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே ஒருவரைப் படுக்கையில் போடப் போதும். ஆகவே பெரும்பகுதி செத்தது என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை.

இலையின் வயதும் முக்கியம். 2008இல் வந்த அமெரிக்க ஆய்வில் சலாதின் குருத்து இலைகளில் ஈ.கோலி நடு இலைகளைவிட ஏறக்குறைய பத்து மடங்கு பெருகியது. குருத்திலிருந்து கசிவதில் நைதரசன் கூடுதல். நடு இலையில் நைதரசனைச் சேர்த்ததும் அங்கேயும் பெருகத் தொடங்கியது. சம்பலுக்கு நாம் தேடி எடுப்பதும் குருத்தைத்தான்.

செம்மண்:
முற்றிய வல்லாரையைக் கொண்டுபோனால் சந்தையில் ஒருவரும் வாங்கமாட்டார்கள், தம்பி. செடியின் இயல்பை என்னால் மாற்ற முடியுமா? கிணற்றைத் திருத்தலாம், வாளியை மாற்றலாம். கையால் செய்யக்கூடியதைச் சொல்லுங்கோ.

அடுப்படி:
தக்காளி, முளைகட்டிய பயறு எல்லாம் எப்படி? பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்கிறேன்.

இலைவாய்:
முளைதான் எனக்கு அதிகம் பயம். 2011இல் ஜேர்மனியை உலுக்கிய ஈ.கோலி நோய் வெந்தய முளையால் வந்தது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதை முளைக்கும்போது சீனியும் அமினோ அமிலங்களும் கசியும். ஈரமும் சூடும் சேர்ந்தால், விதை வெடிப்பில் இருந்த சில கிருமிகள் ஓரிரு நாளில் பெருகிவிடும். அவித்துக் கொடுங்கோ அக்கா.

தக்காளியின் தோலில் இலைவாய் இல்லை, ஆனால் காம்பு கழன்ற தழும்பு இருக்கிறது. வெயில் சூட்டோடு பறித்ததைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே காற்றுச் சுருங்கி, தழும்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், கிருமியோடு.

அண்ணை, கையால் செய்யக்கூடியது இருக்கிறது. தக்காளியை நிழலில் ஆறவிட்டுக் கழுவலாம். கீரைக்கு மேலால் விசிறாமல் வாய்க்காலில் விடலாம். அமெரிக்க இயற்கை விவசாய விதி, பச்சை எரு (மக்காத சாணம்) போட்டால் மண்ணைத் தொடும் பயிரை 120 நாள் அறுக்கக் கூடாது என்கிறது. வல்லாரை மண்ணிலேயே படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடுகிற கொடி.

செம்மண்:
தக்காளியை ஆறவிடுவதில் செலவில்லை, செய்வோம். ஆனால் வல்லாரைக்கு வாய்க்காலில் விட்டாலும் இலை நனையும். நீங்களே சொன்னீர்கள், அது மண்ணோடு கிடக்கிறது. அதனால்தான் முதல் ரூபாய் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் போகவேண்டும் என்கிறேன். 120 நாள் கதையும் எனக்குச் சரிவராது. திரும்பத் திரும்ப வெட்டுகிற பயிர், என்னிடம் இருப்பதோ சில பரப்புக் காணி. எருவை நடுவதற்கு நன்றாக முன்பே போட்டுவிட்டு, இடையில் மக்கியது மட்டும் போடலாம். அதற்கு மக்கிய எரு வேண்டும். குவித்து, பிரட்டி, சூடேற்றி எடுக்க ஆளும் இடமும் வேண்டும். நாலைந்து தோட்டக்காரர் சேர்ந்து ஒரே இடத்தில் செய்தால் கட்டும். கோண்டாவில், கோப்பாய்ப் பக்கம் யாராவது தயாரென்றால் இங்கேயே எழுதுங்கோ.