திரவ எரிவாயு ஏற்றுமதியும் நம் மின்கட்டணமும்

செந்தூல்வாசி:
சரவாக்கின் பிந்துலுவிலிருந்து 1983 முதல் ஜப்பானுக்குத் திரவ இயற்கை எரிவாயுவைக் கப்பலேற்றிவரும் நாம், தீபகற்ப மலேசியாவின் தேவைக்காக மலாக்காவின் சுங்கை ஊடாங் முனையத்தில் அதே சரக்கை இறக்குமதியும் செய்கிறோம். அமெரிக்கா தன் ஏற்றுமதியைப் பெருக்கினால் கோலாலம்பூரில் மின்கட்டணம் குறையுமா?

பட்டர்வொர்த் அன்பர்:
உடனே குறையாது, ஐயா. ஆசியாவின் நீண்டகால ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றின் விலை கச்சா எண்ணெயோடு பிணைக்கப்பட்டுள்ளது. 2016இல் லூசியானாவின் சபைன் பாஸிலிருந்து புறப்படத் தொடங்கிய அமெரிக்கச் சரக்கோ ஹென்றி ஹப் விலையை, அதாவது அமெரிக்க உள்நாட்டு எரிவாயுச் சந்தையின் அடையாள விலையை, ஒட்டியது. இன்ன துறைமுகத்தில்தான் இறக்கவேண்டும் என்ற கட்டுப்பாடும் அதற்குப் பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் 2022இல் ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்தபோது கப்பல்கள் அத்திசைக்குத் திரும்பின. அந்த விலைக்கு ஈடுகொடுக்க இயலாத பாகிஸ்தானும் வங்காளதேசமும் மின்வெட்டில் தவித்தன.

செந்தூல்வாசி:
அமெரிக்க நுகர்வோரின் நிலை என்ன?

ஜார்ஜ்டவுன் பொறியாளர்:
ஏற்றுமதி கூடினால் அங்கே உள்நாட்டு விலை உயரக்கூடும். ஆனால் எரிவாயுவை −162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கும் ஆலைகளின் கொள்ளளவே அதற்கு வரம்பு. 2022 ஜூனில் டெக்சாஸின் ஃப்ரீபோர்ட் ஆலை தீவிபத்தால் மூடப்பட்டதும், வெளியேற வழியின்றி உள்நாட்டில் எரிவாயு தேங்கி ஹென்றி ஹப் விலை சரிந்தது. ஐரோப்பாவிலோ விலை ஏறியது. நம் கட்டணத்தைப் பொறுத்தவரை, இங்கே நிலக்கரியிலிருந்தும் மின்சாரம் எடுக்கப்படுவதால், அதன் விலையையும் சேர்த்தே பாருங்கள்.