நாடகப் பெரியப்பாவுக்குக் குரல் மாறுது: என்ன செய்யலாம்?

மேலூர்: எங்க சமுதாய வானொலியோட விவசாயத் தொடர்ல பெரியப்பாவா பேசுறவர் விலகுறார். பாத்திரத்தை முடிக்கிறதா, வேற குரல் போடுறதா?

உசிலம்பட்டி: முடிக்காதீங்க. நாலஞ்சு பகுதிக்கு அவரை மக வீட்டுக்கு அனுப்புங்க, மத்தவங்க பேச்சுல மட்டும் அவர் வரட்டும். புதுக்குரல் வர்ற முதல் காட்சியில ரெண்டே பேர் இருக்கணும். அவர் வாய் திறக்குமுன்னே எதிராளி "வாங்க பெரியப்பா"ன்னு கூப்பிட்டுடணும். பழைய குரலை அப்படியே பேசச் சொன்னா கரகரப்பு பாதியில நழுவிடும். அந்தச் செருமலும் "ஏப்பா..." இழுவையும் இருந்தாப் போதும், அதுலதான் ஆளை அடையாளம் பிடிப்பாங்க.

கள்ளந்திரி: பிபிசியோட 'தி ஆர்ச்சர்ஸ்' வானொலித் தொடர்ல நார்மன் பெயிண்டிங்ங்கிற நடிகர் 1950லேர்ந்து 2009ல இறக்குற வரைக்கும் ஃபில்ங்கிற பாத்திரமா பேசினார். வேற குரல் போடாம 2010ல கதையில ஃபில்லும் இறந்துட்டதா வச்சாங்க. உங்களவர் விலகத்தானே செய்றார், குரல் மாத்துங்க.

திருமங்கலம்: குரலைவிட விவரம் பிசகினாத்தான் கேக்குறவங்க கோவிப்பாங்க. வயசு, ஏக்கர், கிணறா கால்வாயா, மாட்டுப் பேரு எல்லாம் ஒரு நோட்டுல எழுதிப் புதியவர்ட்ட கொடுங்க. மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனம் ஒருபோகம், தண்ணி செப்டம்பர் வாக்குலதான். கிணறு இல்லாத பெரியப்பா ஜூன்ல நாத்து விட்டா அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோகும்.